பாகாயம் வழியே இரண்டு சாலைகள்

வேலூர்க் கோட்டையைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் நகரப் பேருந்துகளின் நெற்றிப் பலகையில் ‘பாகாயம்’ என்னும் பெயரைக் காணலாம். காட்பாடி இரயில் நிலையத்தில் வந்திறங்கும் வெளியூர்வாசிகள் பலருக்கு இப்பெயர் பழக்கமானது. ஊரைக் கண்டவர்களோ சிலரே. சிகிச்சை நாடி வருவோர் நகர நடுவிலுள்ள கிறித்துவ மருத்துவமனையோடு நின்றுவிடுகின்றனர். அதே நிறுவனத்தின் மருத்துவக் கல்லூரி இருப்பது பாகாயத்தில்தான். சுற்றுவட்டாரக் கிராம மக்களுக்கென நடத்தப்படும் ‘சாட்’ மருத்துவமனையும் அங்கேயே உள்ளது. நான்கு புறமும் பாறைக் குன்றுகள். அவற்றின் அடிவாரத்தில் மரநிழல் படர்ந்த கல்லூரி வளாகம். அதன் மதிலுக்கு வெளியே ஆடு மேய்க்கும் தரை. வேலூரின் வெயிலைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. பாகாயத்தில் அது ஒரு சுற்றுக் குறைவாக இருப்பதாகச் சொல்வார்கள். ஆனி மாதத்தில் நடந்து பார்த்த பிறகு அதை நான் நம்புவதில்லை.

எங்களைப் போன்ற உள்ளூர்வாசிகளுக்குப் பாகாயம் என்பது இரண்டு சாலைகளின் தொடக்கம். ஆரணிக்குச் செல்லும் சாலை இவ்வூரின் வழியே அடுக்கம்பாறை, கணியம்பாடி எனப் போகிறது. கணியம்பாடியிலிருந்து பிரிந்தால் சவ்வாது மலையடிவாரத்து அமிர்தியை அடையலாம். பாகாயத்தை ஒட்டிய தொரப்பாடியிலிருந்து மற்றொரு சாலை அரியூர், ஊசூர், அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்குச் செல்கிறது. முதற்சாலையின் முடிவில் மான்கள் இருக்கின்றன. இரண்டாவதன் முடிவில், வெள்ளிக்கிழமைதோறும், ஆட்டுச் சந்தை கூடுகிறது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய நாட்களில் இவ்விரு சாலைகளிலும் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இரண்டு இடங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றே: இந்தப் பிராணிக்கு வயது என்ன?

அமிர்தி வன உயிரினப் பூங்கா 1967இல் தொடங்கப்பெற்றது. மதரஸா மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். புள்ளிமான்கள் வேலிக்கு அப்பால் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கிளைத்த கொம்புடைய கலைமான் ஒன்று எழுந்து நின்றது. மாணவரில் ஒருவன் கேட்டான்: “ஹள்ரத், மானைக் குர்பானி கொடுக்கலாமா?” மற்றொருவன் அதற்குள், “கொம்புல எத்தனை கிளைன்னு எண்ணினா அதோட வயசு தெரியுமாம், ஹள்ரத்!” என்றான்.

முதற்கேள்விக்கு விடை எளிது. மானின் இறைச்சி உண்ண ஆகுமானதே. ஆனால் குர்பானிக்கு ஆகாது. ஒட்டகம், மாடு, ஆடு ஆகிய வளர்ப்புப் பிராணிகளே அதற்குரியவை. காட்டுப் பிராணி எதுவும் சேராது. இதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மேலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டில் மானை வேட்டையாடுவது குற்றமாகும். “ஆகவே, தம்பி, அதை உனக்கும் எனக்கும் கேட்கவே வேண்டியதில்லை” என்றேன்.

இரண்டாவது மாணவனின் செய்தி நம்மவரிடையே பரவலாக உள்ளது, ஆனால் சரியன்று. மானின் கொம்பு மாட்டின் கொம்பைப் போல் நிலைத்திருப்பதில்லை. விழுந்து விழுந்து புதிதாக முளைக்கிறது. முழு வளர்ச்சியடைந்த புள்ளிமானுக்கு ஒரு கொம்பில் மூன்று கிளைகள்தான் இருக்கும். வயது ஏற ஏற நான்கு, ஐந்து என்று பெருகுவதில்லை. கொம்பின் பருமனுக்கும் நீளத்திற்கும் தீனியே பெரிதும் காரணம். பெண் மானுக்கோ கொம்பே இல்லை.

அப்படியானால் மானின் வயதை அறிவது எவ்வாறு? வேட்டைக்கு ஆண்டுதோறும் அனுமதி வழங்கப்படும் அமெரிக்கா போன்ற நாடுகளில் இது அரசின் அன்றாட வேலைகளுள் ஒன்று. எத்தனை வயது மான்கள் எத்தனை வீழ்த்தப்பட்டன என்று தெரிந்தால்தான், அடுத்த ஆண்டு எத்தனைக்கு அனுமதிப்பது என்று கணக்கிட முடியும். எனவே வேட்டைக்காரர் கொண்டுவரும் மானின் கீழ்த்தாடையை அதிகாரிகள் திறந்து பார்க்கின்றனர். வெள்ளைவால் மான் குட்டியின் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் பால்பல்லாக இருக்கும்போது மூன்று முகடுகளுடன் காணப்படும். சுமார் ஒன்றரை வயதில் அது விழுந்து, இரண்டு முகடுகளுள்ள நிலைப்பல் முளைக்கும். அதற்குப் பிறகு தேய்மானம்தான் கணக்கு: பல்லின் வெண்மையான மேற்பூச்சு தேயத் தேய உள்ளேயிருக்கும் பழுப்புப் பகுதி அகன்று தெரியும். நியூயார்க் மாநிலத்து வனவிலங்கு ஆய்வாளர் செவரிங்ஹாஸ் 1949இல் இம்முறையை வகுத்து வெளியிட்டார். இதனினும் நுட்பமான முறையும் உண்டு. பல்லின் வேரைச் சுற்றி ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. முன்பல்லைப் பிடுங்கி, மென்தகடாக அறுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையங்களைப் போல் அவற்றை எண்ணிவிடலாம். கடுங்குளிர்க் காலமுள்ள நாடுகளில் இவ்வளையங்கள் தெளிவாக விழும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அவ்வளவு துலக்கமாக இரா.

கவனியுங்கள்: இவை பெரிதும் இறந்த மானின் வயதை அறியும் வழிகள். உயிருள்ள மானின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாலும் பயன் குறைவு. ஏனெனில் மானின் முன்பற்கள் ஏறக்குறைய ஓராண்டுக்குள்ளேயே மாறி முடிந்துவிடுகின்றன. அதன்பின் சாட்சி சொல்பவை வாயின் உட்புறத்துக் கடைவாய்ப் பற்களே. ஆட்டிலும் மாட்டிலும் நிலைமை வேறு. அவற்றிற்கும் மானைப் போலவே மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. அந்த எட்டும் ஒரேயடியாக மாறாமல், நடுவிலிருந்து தொடங்கி, இரண்டிரண்டாக, ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு மாறுகின்றன. ஆகவே கத்தியும் நுண்ணோக்கியும் இல்லாமல், பிராணிக்கு ஒரு துன்பமும் இல்லாமல், கட்டை விரலால் உதட்டை விலக்கி வயதைப் படித்துவிடலாம்.

இங்கேதான் நம் மஸ்அலா வருகிறது. அரபு மொழியில் ‘ஸின்னு’ என்னும் சொல்லுக்குப் பல் என்றும் பொருள். வயது என்றும் பொருள். ஒருவரின் வயதைக் கேட்பதும் பல்லைக் கேட்பதும் அம்மொழியில் ஒரே சொல்லால் ஆகிறது. குர்பானிப் பிராணிக்கு முஸ்லிம் ஷரீஃபின் ஹதீஸில் வரும் ‘முஸின்னா’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஃபிக்ஹு நூல்கள் ஆளும் ‘ஸனிய்யு’ என்னும் சொல் முன்பல் மாறிய பிராணியைக் குறிக்கும். வெள்ளாட்டுக்கு ஓராண்டு, மாட்டுக்கு இரண்டாண்டு, ஒட்டகத்திற்கு ஐந்தாண்டு நிறைந்திருக்க வேண்டும் என்று ஹனஃபி நூல்களில் நாம் ஓதிக்கொடுக்கிறோம். மாணவர்கள் அதை மனனம் செய்கின்றனர். ஏன் ஒன்று, இரண்டு, ஐந்து? கால்நடை மருத்துவ நூலொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வெள்ளாட்டின் முதல் இரு பற்கள் ஒரு வயதுக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் மாறுகின்றன. மாட்டுக்கு இரண்டு வயதை ஒட்டி. நம் நாட்டு மாடுகளில் சிறிது தாமதித்து. ஒட்டகத்திற்கு ஐந்து வயதை நெருங்கும்போது. வகுப்பில் வெறும் எண்களாக ஓதப்படும் இந்த வரிசை, பாலைவனத்திலும் மேய்ச்சல் தரையிலும் பிராணிகளோடு வாழ்ந்த மக்கள் கண்ணால் கண்ட வரிசையே.

ஒடுகத்தூருக்கு நான் சென்றது பெருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜூன் 14ஆம் நாள். ஜுமுஆவுக்குத் திரும்ப வேண்டுமென்பதால் இருள் பிரியுமுன் புறப்பட்டேன். அணைக்கட்டைத் தாண்டியதும் சாலையில் மனிதரைவிட ஆடுகளே மிகுதி. சிறு சரக்கு வண்டிகளிலும், இருசக்கர வண்டியின் முன்புறத்திலும், தோள்களிலும் அவை வந்துகொண்டிருந்தன. சந்தைக்குள் நுழைந்தவுடன் காதில் விழுவது எண்கள்தாம். “பல்லு போடாத குட்டி,” “ரெண்டு பல்லு,” “நாலு பல்லு,” “கடை சேர்ந்தது” என்று தமிழிலும், “தோ தாந்த், சார் தாந்த்” என்று நம்மவர் பேசும் தக்கனி உருதுவிலும் பேரம் நடக்கிறது. நான்கு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு வயது. ஆறு பல் இரண்டரையிலிருந்து மூன்று. எட்டும் மாறிவிட்டால் மூன்றரை, நான்கு. அதன்பின் தேய்மானத்தையும் பல்லிடுக்கையும் பார்த்து மதிப்பிடுவதுதான். கணக்குப் புத்தகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இடக்கையால் ஆட்டின் தாடையை ஏந்தி, வலக்கைப் பெருவிரலால் கீழுதட்டைத் தாழ்த்தி, அரை நொடியில் முடிவைச் சொல்லிவிடுகிறார்.

பால்பல் சிறியது, வெண்மையானது, கூர்மையானது. நிலைப்பல் அகன்றது, சற்றே மஞ்சள் படர்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். ஆயினும் ஏமாற்று நடக்காமல் இல்லை. பால்பற்களை முன்கூட்டியே பிடுங்கிவிட்டு, “இப்போதான் விழுந்தது” என்று சொல்வாருண்டு. அத்தகைய ஆட்டின் ஈறு வீங்கியிருக்கும். நிலைப்பல்லின் நுனி அங்கே தென்படாது. மாடுகளின் கொம்பு வளையங்களை எண்ணி வயது சொல்வதும் ஒரு பழைய வழக்கம். கொம்பைச் சீவிப் பளபளப்பாக்கிவிட்டால் அந்தக் கணக்கு அத்தோடு போயிற்று.

பல்லால் வயதறிவது பிராணிகளோடு நின்றதன்று. இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத சிறுவரை நெசவாலைகளில் அமர்த்தக் கூடாது என்றது. பிறப்புப் பதிவு முறையாக இல்லாத காலம் அது; வறுமையால் பெற்றோரே வயதைக் கூட்டிச் சொல்வர். எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், உயரத்தைவிடப் பல்லே நம்பத்தக்க சாட்சி என்று 1837இல் ஒரு சிறுநூல் எழுதினார். ஆலை வாயிலில் வாயைத் திறந்து காட்டி நின்ற அக்குழந்தைகளை, ஒடுகத்தூர்ச் சந்தையில் நின்றபோது ஏனோ நினைத்துக்கொண்டேன்.

மாட்டைப் பொறுத்தவரை நம் மாநிலத்தில் வயது இரு முனைகளிலும் கேள்வியாகிறது. வேலூருக்கு மேற்கே பொய்கையில் செவ்வாய்க்கிழமைகளில் பெரிய மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே தரகர் துண்டைப் போட்டு மூடி விரல்களைப் பிடித்து விலை பேசும் காட்சி காண வேண்டியதொன்று. ஷரீஅத் கேட்பது இரண்டு வயது நிறைந்ததா என்பதை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கேட்பது, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாததா, அல்லது நிரந்தரமாக ஊனமுற்றதா என்பதை; அதற்குரிய அதிகாரியின் சான்று வேண்டும். பசுவையும் கிடேரியையும் அறுப்பதை 1976ஆம் ஆண்டின் அரசாணை தடுத்துள்ளது. எட்டுப் பற்களும் ஐந்து வயதுக்குள் மாறி முடிந்துவிடுவதால், பத்து வயதைப் பல்லின் தேய்மானத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது. அதே வேளையில், பற்களை இழந்து புல் மேய இயலாத பிராணியும், எலும்பு மச்சை வற்றிய பிராணியும் குர்பானிக்குச் செல்லா. ஆகவே சட்டத்தின் கண்ணுக்குப் போதிய முதுமையும், ஷரீஅத்தின் கண்ணுக்குப் போதிய உடல்நலமும் ஒரே பிராணியிடம் தேட வேண்டியிருக்கிறது. கூட்டுக் குர்பானி ஏற்பாடு செய்யும் ஜமாஅத்தார் இதை முன்கூட்டியே விசாரித்துச் செய்வது நல்லது.

மறுநாள் சனிக்கிழமை. பாகாயத்திற்கு அப்பால் குன்றடியிலுள்ள ஒரு குடியிருப்புக்கு என்னை அழைத்துச் சென்றார் வேலூர் கஸ்பாவைச் சேர்ந்த ஒரு நண்பர். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் பணியாற்றுபவர். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே இது இளங்குட்டியின் தோல், இது வயதான ஆட்டின் தோல் என்று பிரித்துவிடுவார். இளையதன் மேற்பரப்பு மென்மையாகவும், முதியதன் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் முள் கீறிய தழும்புகளோடும் இருக்கும் என்பார். “ஆனா ஹள்ரத், உயிரோட நிக்கிறப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். அவர்மீது குர்பானி கடமையான முதலாண்டு அது. உடன் வந்திருந்த அவருடைய மச்சான் காயல்பட்டினத்தவர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்.

ஆட்டுக்குச் சொந்தக்காரி ஒரு மூதாட்டி. கறுப்பு வெள்ளாட்டுக் கிடாய், திரண்ட உடல். நண்பர் உதட்டை விலக்கினார். எட்டும் பால்பற்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. காலையில் வந்த வியாபாரி ஒருவரும் பல்லைக் காரணம் காட்டிக் கறி விலைக்குத்தான் கேட்டாராம்.

“பல்ல ஏன் பாய் பாக்குறீங்க? இது பொறந்த நாளே எனக்குத் தெரியும்,” என்றாள் மூதாட்டி. “போன வருஷம் உங்க பக்ரீத்துக்கு நாலு நாள் முந்தி, ஞாயித்துக்கெழமை. அன்னிக்குத்தான் எம் பொண்ணு சாட் ஆஸ்பத்திரியில பேத்தியப் பெத்தா. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுறேன், இங்க ஆடு குட்டி போட்டுட்டு நிக்குது.” உள்ளே போய் மருத்துவமனை அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். 2023 ஜூன் 25 என்று இருந்தது. பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, “பொய் சொல்லக் கூடாது பாய். வருஷம் ரொம்ப இன்னும் பத்து நாள் இருக்குது. பேத்திக்கு அன்னிக்குத்தான் காது குத்துறோம். அதுக்குத்தான் இத விக்கிறதே” என்றாள்.

நண்பர் என்னைப் பார்த்தார். பத்து நாள் குறைகிறது, பல்லும் விழவில்லை, விட்டுவிடுவோம் என்பது அவர் பார்வையில் தெரிந்தது. நான் சட்டைப் பையிலிருந்த ஜமாஅத் நாட்காட்டியை எடுத்தேன். 2023இல் நம் நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 29. எனவே ஜூன் 25 என்பது ஹிஜ்ரி 1444 துல்ஹஜ் பிறை 6. அன்றோ 1445 துல்ஹஜ் பிறை 8. மார்க்கம் வயதைக் கணிப்பது சந்திர ஆண்டால். அது சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாட்கள் அளவில் சிறியது. மூதாட்டியின் கணக்கில் பத்து நாள் குறையும் ஆட்டுக்கு, நம் கணக்கில் ஓராண்டு நிறைந்து இரண்டு நாட்கள் கடந்துவிட்டன. பெருநாளன்று நான்கு நாட்கள் கடந்திருக்கும்.

“அப்ப பல்லு?” என்றார் நண்பர். பல் அடையாளம், வயதே நிபந்தனை. இனத்திற்கும் தீனிக்கும் ஏற்பப் பல் முன்பின் மாறும். ஓராண்டு நிறைந்த அன்றே விழுந்தாக வேண்டுமென்பதில்லை. பிறந்த நாள் தெரியாத சந்தை ஆட்டுக்கு இரண்டு பல் பார்ப்பதே பேணுதல். பிறந்த நாள் தெரிந்த வீட்டு ஆட்டுக்கு அது அவசியமன்று. வெளித்தோற்றம் மாறாக இல்லாதபோது வளர்த்தவர் சொல்லை ஏற்கலாம் என்பது ஹனஃபி உலமாக்களின் தீர்ப்பு. இங்கே சொல்லோடு அட்டையும் இருந்தது. தன் இலாபத்திற்கு மாறாகவே உண்மை பேசிய நாவும் இருந்தது.

மச்சான் அதுவரை பேசவில்லை. “ஹள்ரத், எங்களுக்கு இது ஆகாதே?” என்றார். ஆகாதுதான். ஷாஃபிஈ மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டாண்டு நிறைய வேண்டும். ஆனால் செம்மறிக்கு ஓராண்டு போதும். அதற்கு முன்னரே முன்பல் விழுந்துவிட்டாலும் ஏற்றதே. ஹனஃபியிலோ ஆறு மாதச் செம்மறியும், ஓராண்டு ஆட்டைப் போல் திரண்டு தெரிந்தால், கூடும். ஒரே முற்றத்தில் நின்ற ஒரே ஆடு, மாப்பிள்ளைக்குப் பெரியது, மச்சானுக்குச் சிறியது! வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் தமிழகத்து ஹனஃபி மாணவரும் கேரளத்து ஷாஃபிஈ மாணவரும் ஒரே கூரையின் கீழ் ஓதி, பாக்கவிப் பட்டம் பெற்றுச் செல்கின்றனர். அவர்களுக்கு இத்தகைய முற்றங்கள் புதியவை அல்ல. மச்சான் சிரித்துக்கொண்டே, தமக்கு ஒரு செம்மறியைப் பார்த்துத் தருமாறு கேட்டார். அடுத்த தெருவில் பல் போட்ட செம்மறி ஒன்று நிற்பதாக மூதாட்டியே வழி சொன்னாள்.

நண்பர் பேரம் பேசவில்லை. அவள் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்தார். அவள் இருமுறை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். ஆட்டை விற்றாலும் கட்டிய கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது அவ்வூர் வழக்கம். நாங்கள் கயிறு கொண்டுபோயிருக்கவில்லை. மச்சான் பாகாயம் பேருந்து நிறுத்தத்துக் கடைவரை நடந்து ஒரு முழம் சணற்கயிறு வாங்கி வரும்வரை, நண்பர் ஆட்டின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.